மரத்தூணின் அடியைச் சிமெண்டில் புதைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியின் பழைய வீடுகளிலுள்ள மரத்தூண்கள் நம் மழைக்கும் கடற்காற்றுக்கும் தாங்கமாட்டா என்றும், இடித்துக் கான்கிரீட்டில் கட்டுவதே அறிவுடைமை என்றும் தங்கள் வாசகர் பகுதியில் அண்மையில் ஒருவர் எழுதியிருந்தார். முப்பது ஆண்டுகள் கட்டட வேலையை மேற்பார்வையிட்டவன் என்ற முறையில் இதை மறுக்க விரும்புகிறேன்.

லண்டனில் இருக்கும் என் மகளைக் காணச் சென்றபோது, ஹீத்ரோ விமான நிலையத்தை ஒட்டிய ஹார்மண்ட்ஸ்வொர்த் என்ற சிற்றூரில் ஒரு தானியக் களஞ்சியத்தைப் பார்த்தேன். வின்செஸ்டர் கல்லூரி தன் பண்ணை விளைச்சலைச் சேர்த்துவைக்க 1426-27இல் கட்டியது. ஏறத்தாழ 58 மீட்டர் நீளம், 11 மீட்டர் உயரம். அதன் பக்கச் சுவர் வெறும் பலகை மறைப்புதான். ஓட்டுக் கூரையின் பளுவைப் பெரும்பாலும் இரு வரிசை ஓக் தூண்களே சுமக்கின்றன. ஒரு மரத்தில் துளையிட்டு, மற்றதன் முனையைச் செதுக்கிச் செருகி, குறுக்கே மர முளை அடித்துச் சட்டங்களைப் பிணைத்திருக்கிறார்கள். முளைக்கான துளைகளை இரு மரங்களிலும் சற்றே விலக்கிப் போடுவதால், முளை இறங்க இறங்க இணைப்பு தானே இறுகும். ஓக் காய்ந்தால் இரும்பாகிவிடும் என்பதால் ஈர மரத்திலேயே இழைத்துவிடுவார்களாம். நம் ஆசாரிகள் கேட்டால் சிரிப்பார்கள். அக்காலத் தச்சர்கள் தூணைத் தலைகீழாக நிறுத்தினார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. மரத்தின் பருத்த அடிப்பகுதி மேலே வந்தால், நீள உத்தரமும் குறுக்கு உத்தரமும் ஒரே தலையில் வந்து பொருந்த இடம் கிடைக்கும்.

நான் முதலில் குனிந்து பார்த்தது தூண்களின் அடியைத்தான். அவை மண்ணில் ஊன்றப்படாமல் கற்களின் மேல் நிற்கின்றன. பராமரிப்பின்றிக் கிடந்த அந்தக் களஞ்சியத்தை 2012இல் பழஞ்சின்னங்களைப் பேணும் இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு 20,000 பவுண்டுக்கு வாங்கிச் செப்பனிட்டது. அறுநூறு ஆண்டுக்கு முந்தைய மரங்களில் பெரும்பகுதி இன்றும் அங்கேயே நிற்கிறது. அதுவும் மழைக்குப் பஞ்சமில்லாத நாட்டில்.

நம் வீடுகளிலும் தாழ்வாரத்துத் தேக்குத் தூண்கள் கல்லின் மேல்தானே நிற்கின்றன? கெடுதல் பின்னால் வருகிறது. என் சிற்றப்பா வீட்டில் தரையை உயர்த்தி டைல்ஸ் பதித்தபோது, தூணுக்கடியில் இருந்த கல்லையும் அதற்கு மேல் நான்கு விரற்கடை மரத்தையும் சேர்த்துச் சிமெண்டில் புதைத்துவிட்டார்கள். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லை. சில மழைக்காலத்துக்குள் அடி மக்கிக் கறையானும் ஏறியது; இடுப்புக்கு மேலே தேக்கு மணியாக இருந்தும் முழுத் தூணும் பழைய மரக்கடைக்குப் போயிற்று. மக்கிய அடியை மட்டும் அறுத்தெடுத்துப் புதுத் தேக்கை ஒட்டுப்போட்டிருந்தால் போதுமானது. அப்படி ஒட்டுப்போடத் தெரிந்த ஆசாரிகள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

ஆகவே, வைசியாள் வீதி போன்ற தெருக்களில் பழைய வீட்டை இடிக்க அனுமதி கேட்டு வருபவர்களிடம், மரவேலை அறிந்த ஒருவர் தூண்களின் அடியையும் உத்தர முனைகளையும் தட்டிப் பார்த்து எழுதிய அறிக்கையை நகராட்சி கட்டாயம் கேட்டுப் பெற வேண்டும். இடித்தே தீரவேண்டிய வீடானாலும், இணைப்புகளை அளந்து வரைந்துகொண்ட பிறகே சட்டங்களைக் கழற்ற வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.