துடைக்காமல் அனுப்பியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பழைய டிவி பெட்டிகளின் வரலாற்றைத் தொகுக்கும் எங்கள் பட்டியலுக்குப் படம், பாகம், தகவல் தந்து உதவிய அனைவருக்கும் வணக்கம்.

முதல் நன்றி, பெட்டி கண்ணில் பட்டதும் ஈரத்துணியைத் தேடாதவர்களுக்கு. சேசிஸ் (பாகங்களைப் பொருத்திய உலோகச் சட்டம்) மேல் குத்திய முத்திரையின் மை பல பெட்டிகளில் தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும். வால்வு எனும் வெற்றிடக் குழாயின் கண்ணாடி மேல் அச்சிட்ட எழுத்துக்கு விரல் உரசலே போதும், போய்விடும். நீங்கள் மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டிவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படமெடுத்தீர்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் தெரிகிறது. மங்கிய வால்வின் மேல் வாயால் ஊதி, ஆவி மறைவதற்குள் படமெடுத்து அனுப்பியவரின் கைவேகத்துக்குத் தனிச் சபாஷ்.

அந்த எழுத்துகளை வைத்து என்ன செய்தோம் என்பதைச் சொன்னால்தான் இந்த நன்றிக்குப் பொருள் இருக்கும். அமெரிக்கப் பெட்டிகளில் வால்யூம் கண்ட்ரோல், ஸ்பீக்கர், டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றின் மேல் ஆறு இலக்க எண் ஒன்று இருக்கும். 137532 என்று இருந்தால், முதல் மூன்று இலக்கம் செய்த நிறுவனம் (137 என்பது சி.டி.எஸ்.), அடுத்த 5 ஆண்டின் கடைசி இலக்கம், கடைசி இரண்டும் வாரம். 1955 ஆகஸ்ட் என்று படிக்கலாம். 1945 என்றும் படிக்கலாம். போர்க்காலத்தில், 1942 முதல், அங்கே வீட்டுக்கான டிவி தயாரிப்பே நின்றிருந்ததால் அநேகமாக 55தான். ஐரோப்பிய வால்வுகளில் பிலிப்ஸ், அதன் பிரிட்டிஷ் கிளையான முல்லார்டு குடும்பத்துக்கு வேறு முறை. கண்ணாடியின் அடியில் பொறித்த இரண்டு வரிகளில் இரண்டாவதைப் பாருங்கள். பி7சி2 என்றால் பிளாக்பர்ன் தொழிற்சாலை, 1957 அல்லது 1967, மூன்றாம் மாதம், இரண்டாம் வாரம். முதல் எழுத்து ஆர் என்றால் மிட்சம் தொழிற்சாலை, முக்கோணக் குறி என்றால் நெதர்லாந்தின் ஹீர்லன்.

பெட்டி தன்னிடமுள்ள அசல் பாகங்களில் கடைசியாகச் செய்ததைவிடப் பழையதாக இருக்க முடியாது. இதில் ‘அசல்’ என்பதுதான் சிக்கல். இடையில் யாரோ மாற்றிய கெபாசிட்டரை வைத்துக் கணக்குப் போட்டால் பெட்டியின் வயது பத்து ஆண்டு இளைத்துவிடும். இந்த வேலையில் கைகொடுத்தவர்கள் பழைய மெக்கானிக்குகள். ஆலையில் வைத்த சாலிடரில் கம்பி முனை கொக்கியின் மேல் இறுக்கமாகச் சுற்றியிருக்கும். பழுதுபார்த்த இடத்தில் பழைய கம்பியின் மிச்சத் துண்டோடு புதுக் கம்பி ஒட்டியிருக்கும். இந்த ஒரு அடையாளத்தைச் சொல்லித் தந்து, படங்களில் எது ஆலை, எது கடை என்று பிரித்துக் கொடுத்தீர்கள்.

அடுத்து, சேனலைத் தேர்ந்தெடுக்கும் ட்யூனரைப் படமெடுத்தவர்களுக்கு. சொன்னால் நம்ப மாட்டார்கள், ஒரு பெட்டியைப் பற்றி அதன் மரக்கூட்டைவிட ட்யூனர்தான் அதிகம் பேசும். 1946இல் வந்த ஆர்.சி.ஏ. 630-டி.எஸ். பெட்டியில் சேனல் 1 உண்டு. 1948இல் அமெரிக்காவில் அந்தச் சேனலை டிவியிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ஆகவே ட்யூனரில் சேனல் 1 இருந்தால் பெட்டி அநேகமாக அந்தக் காலத்தது. அதே 630 சேசிஸைப் பல நிறுவனங்கள் தங்கள் பெயரில் செய்து விற்றதால், முகப்பில் உள்ள பெயரை நம்பி முடிவு கட்ட முடியாது. பின்மூடியைத் திறந்து காட்டியவர்களால்தான் அப்படிப்பட்ட பெட்டிகளைச் சரியான இடத்தில் சேர்க்க முடிந்தது.

பிரிட்டிஷ் பெட்டிகளில் இது இன்னும் சுவையானது. பி.பி.சி. 1936 நவம்பர் 2 அன்று அலெக்சாண்ட்ரா அரண்மனையிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியது. படத்தை 405 கிடைவரிகளாகப் பிரிக்கும் முறையில் படத்துக்கு 45 மெகாஹெர்ட்ஸ், ஒலிக்கு 41.5. வேறு நிலையமே இல்லாததால் ஆரம்பப் பெட்டிகள் அந்த ஒன்றுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. 1949 டிசம்பர் 17 அன்று பர்மிங்ஹாம் அருகே சட்டன் கோல்டுஃபீல்டு நிலையம் சேனல் 4இல் வந்தது: படம் 61.75, ஒலி 58.25. அதிர்வெண் கூடினால் ட்யூனர் காயிலில் சுற்று குறைய வேண்டும். ஆகவே லண்டனுக்கென்று செய்த பெட்டியில் காயில்களின் சுற்றுகள் கையால் குறைக்கப்பட்டிருந்தால், அது வடக்கே குடிபெயர்ந்திருக்கலாம் என்று சந்தேகிக்க இடமுண்டு. அந்த காயிலை மிகக் கிட்டத்தில், மெழுகு உடைந்து மீண்டும் பூசப்பட்ட தடம் தெரியும்படி எடுத்த படம் எங்களுக்கு ஒரு முழுப் பக்க ஆவணத்துக்குச் சமம். மெயின்ஸ் வோல்டேஜ் பட்டையில் திருகு 200இல் நிற்கிறதா, 250இல் நிற்கிறதா என்று குறித்து அனுப்பியதும் அப்படியே. கடைசியாக எந்த மின்வழங்கலில் ஓடியது என்பதற்கு அது ஒரு தடயம்.

ஆர்வத்தை அடக்கிக்கொண்டு பிளக்கைச் செருகாதவர்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். மெழுகுக் காகிதக் கெபாசிட்டர் எல்லாமே கசியும் என்று வைத்துக்கொள்வது நல்லது. அவுட்புட் வால்வின் கிரிட்டில் (கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் முனை) 4,70,000 ஓம் ரெசிஸ்டர் இருந்து, அதற்கு முந்தைய கெபாசிட்டர் வெறும் 10 மைக்ரோஆம்ப் கசிந்தால் கிரிட்டில் 4.7 வோல்ட் பாசிட்டிவ் ஏறுகிறது. கரண்ட்டை அடக்கி வைக்கும் நெகட்டிவ் பயஸ் அந்த அளவுக்குக் குறைய, வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கிறது. ஆனோடு சிவக்கிறது, டிரான்ஸ்ஃபார்மர் கருகுகிறது. கெபாசிட்டர் எங்கும் கிடைக்கும், அந்த டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்காது. ஏசியை டிசியாக்கும் செலினியம் ரெக்டிஃபையர் எரிந்தால் வரும் அழுகிய நாற்றம் நச்சு. அறையை விட்டு வெளியேறிவிட வேண்டும். அதற்குப் பதில் 1என்4007 டையோடு போடும்போது தொடராக ஒரு ரெசிஸ்டரும் சேருங்கள் என்று நினைவூட்டியவருக்கும் நன்றி. டையோடில் இழப்பு குறைவு என்பதால், ரெசிஸ்டர் இல்லாவிட்டால் ஹை டென்ஷன் (வால்வுகளுக்கான உயர் வோல்டேஜ்) ஏறிப் புதிதாகப் போட்ட எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரையும் பதம் பார்த்துவிடும்.

போருக்கு முந்தைய பெட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் பிக்சர் டியூபுக்கான சில ஆயிரம் வோல்ட் நேரே மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும். பிற்காலப் பெட்டியின் லைன் டிரான்ஸ்ஃபார்மர் தருவதைவிட வோல்ட் குறைவுதான், ஆனால் பின்னால் நிற்கும் கரண்ட் ஆளைக் கொல்லும். இந்த வகைப் பெட்டி கிடைத்தவர்கள் தொடாமல் எங்களைக் கேட்டது எங்களுக்குப் பெரிய நிம்மதி. டியூப் படுக்காமல் நிமிர்ந்து நிற்க, மூடியில் உள்ள கண்ணாடியில் படம் பார்க்கும் மாடல்களில் அந்தக் கண்ணாடியையும் துடைக்கவில்லை, நன்றி. முன்பக்கப் பூச்சு உள்ள கண்ணாடிக்குத் துணி எமன்.

பிக்சர் டியூபைப் பார்சல் செய்தவர்கள் தனி ரகம். கழுத்தைப் பிடித்துத் தூக்காமல், திரையை மார்போடு அணைத்து, கண்ணுக்குக் கவசம் போட்டு, முகம் கீழே கழுத்து மேலே என்று தடித்த நுரை மேல் வைத்து, பெட்டிக்குள் பெட்டியாக அடைத்து அனுப்பினீர்கள். கழுத்து எதையும் தொடாமல் காற்றில் நின்றதால் அனைத்தும் வெற்றிடத்தோடு வந்து சேர்ந்தன. கழுத்துக்குள் பளபளக்கும் வெள்ளிப் பூச்சு வெளுக்கவில்லை என்று முன்கூட்டியே படமெடுத்துக் காட்டியதும் நல்ல காரியம். அது பால்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். கழுத்தில் இருக்கும், அயனிகள் திரையைத் தாக்காமல் தடுக்கும் அயான் டிராப் காந்தத்தின் இடத்தைப் பென்சிலால் குறித்தும் வைத்திருந்தீர்கள். அது இடம் மாறினால் திரையில் வெளிச்சமே வராது. அப்படியே ஓடவிட்டால் டியூபின் எலக்ட்ரான் கன்னும் கெட்டுப்போகும்.

மரக்கூட்டை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதைக் குப்பையில் போட்டு, மீன் தொட்டி வைக்கும் அன்பர்களுக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை. அகற்றிய சேசிஸையாவது யாருக்காவது கொடுங்கள்.

பழுதுபார்ப்புச் சீட்டு, வாங்கிய ரசீது, மூடியின் உட்புறம் ஒட்டிய சர்க்யூட் தாள் ஆகியவற்றை அனுப்பிய குடும்பங்களுக்குக் கடைசியாக. ஒட்டிய தாளை உரிக்காமல் அப்படியே படமெடுத்தது மிகச் சரி. சீட்டில் ‘டியூப் மாற்றியது’ என்ற ஒரு வரி இருந்ததால், பெட்டியைவிட இளைய டியூப் எப்படி வந்தது என்ற குழப்பம் தீர்ந்தது. தாள்களைப் பிரதி எடுத்துவிட்டோம். மூலங்கள் அவரவர்க்கே திரும்பி வரும். பிரதியில் பெயரையும் முகவரியையும் மறைத்திருக்கிறோம்.

இனி அனுப்ப இருப்பவர்கள் ட்யூனர், மெயின்ஸ் பட்டை, ஸ்பீக்கரின் பின்புறம் ஆகிய மூன்றின் படத்தோடு தொடங்கலாம். பின்மூடியின் திருகு துருப்பிடித்துச் சிக்கியிருந்தால் வம்புக்கு இழுக்காமல், காற்றுத் துளை வழியாக எடுத்த படத்தையே அனுப்புங்கள்.