இன்பாக்ஸ் காலியாக இருக்கிறது

அன்பு மகளுக்கு,

இதைக் குடும்பப் பெட்டிக்கு அனுப்பாமல் உன் சொந்த முகவரிக்கு அனுப்புகிறேன். அந்தப் பெட்டியைத் தம்பியும் திறப்பான்.

வெள்ளிக்கிழமை முதல் குடும்ப இன்பாக்ஸ் காலியாக இருக்கிறது. உன் அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட், வீட்டு வரி ரசீது, பட்டா நகல் எதுவும் இல்லை. என் கணினியிலும் இல்லை, தம்பியின் போனிலும் இல்லை. நீ வேறொரு கணினியில் கணக்கைச் சேர்க்கும்போது அஞ்சல் எடுக்கும் முறையைப் பாப்-3 என்று கொடுத்திருப்பாய். அது அஞ்சலைத் தன்னிடம் இறக்கிக்கொள்ளும். பிரதி வைக்கச் சொல்லாவிட்டால் சர்வரில் இருப்பதை அழித்துவிடும். ஐமேப் என்ற இன்னொரு முறையில் அஞ்சல் சர்வரிலேயே இருக்கும், எங்கே திறந்தாலும் ஒரே பெட்டி. 1986-இல் ஸ்டான்போர்டில் மார்க் கிரிஸ்பின் அதை வகுத்ததே அதற்காகத்தான். பள்ளியில் படிக்கும்போதே இதையெல்லாம் தம்பிக்கு விளக்கிச் சொன்னவள் நீ. இவ்வளவு அவசரமாகச் சேர்க்கிறவள் இல்லையே.

புதுக் கணினி எதற்கு என்று நான் கேட்கவில்லை. அலுவலகத்தில் கொடுத்தது பழுதாகியிருக்கும் என்று உன் அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

அந்த பாப் கணக்கை மட்டும் அழித்துவிடாதே. எல்லாம் இப்போது அங்கே மட்டும்தான் இருக்கிறது. முதலில் அது தானாக அஞ்சல் எடுப்பதை நிறுத்து, இல்லாவிட்டால் ஏற்றியதை மறுபடி இறக்கிவிடும். பிறகு அதே முகவரியை ஐமேப்பாகச் சேர். அமைப்பில் போர்ட் எண் 993, பாதுகாப்புக்கு எஸ்எஸ்எல் என்று கொடு. பழைய இன்பாக்ஸில் உள்ளதைப் புதியதற்கு இழுத்துவிட்டால் சர்வருக்கு ஏறிவிடும். இங்கே வந்துவிட்டது என்று நான் சொல்லும்வரை பாப் கணக்கை அழிக்காதே.

பாப்-3 இன்பாக்ஸை மட்டும்தான் தொடும். டிராஃப்ட் பெட்டி அப்படியே இருக்கிறது. அதில் "அப்பா, உங்களிடம் ஒன்று" என்று எழுதி நிறுத்தியது போன மாதத்திலிருந்து கிடக்கிறது. தம்பி கண்ணில் படாத இடத்துக்கு மாற்றலாமா என்று பார்த்தேன். நீ தேடினால் கிடைக்காதே என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில் உன் அம்மாவோடு பேசுகிறாய், என்னிடம் கொடுக்கச் சொல்வதில்லை. வாடகைக்கோ வேறு எதற்கோ வேண்டுமென்றால் தயங்காதே கண்ணம்மா, வங்கியில் போட்டது இந்த மாதம் முதிர்கிறது.

புதன்கிழமை உன் அம்மாவை டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டை முதலில் ஏற்று, மற்றவை மெதுவாக வரட்டும். பாப் கணக்கை அழிக்காதே.

அப்பா