பல் பிடுங்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் சொல்வாய். அதனால் கேட்கவில்லை. உனக்குக் கடைவாய்ப் பல் நோகிறது, பிடுங்கப்போகிறாய் என்பதை மாமி சொல்லித்தான் அறிந்தேன். சின்ன வயதிலும் இப்படித்தான். கன்னம் வீங்கும்வரை வாய் திறக்காமல், கராம்பைக் கடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவாய்.

அக்காவிடம் எல்லாம் கேட்டேன். பல்லுக்காக உன் நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசையை நிறுத்தாதே. நிறுத்தினால் நோவும் கூடும், பழைய ஆசையும் திரும்பும். மாத்திரைப் பழக்கத்தை விட இந்தப் புப்ரெனோர்பின் குளிசை எடுக்கிறேன் என்று பல் வைத்தியரிடம் முதலிலேயே சொல். சொல்லாவிட்டால் டைலனோல் 3 எழுதிவிடுவார்; அதில் அபின் வகை நோ மருந்தான கொடெய்ன் இருக்கிறது. மூளையில் அது போய் ஒட்டும் இடத்தை உன் குளிசை இறுகப் பிடித்திருப்பதால் கொடெய்ன் சரியாகக் கேட்காது, கேட்கவில்லையென்று இன்னும் இன்னும் விழுங்கத் தோன்றும் என்றாள். மரத்துப்போகப் போடும் ஊசிக்குப் பயப்படாதே. அதன் பிறகு பரசிற்றமோலும் இபுப்ரொஃபெனும் சேர்த்து நேரம் தவறாமல் எடுத்தால் பல்நோவு அடங்குமாம். பரசிற்றமோல் 500 மில்லிகிராம் குளிசை நாளொன்றுக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். செட்டிகுளம் அகதி முகாமில் வந்த வயிற்றெரிவு உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. இபுப்ரொஃபெனை வைத்தியரிடம் கேட்டு, சாப்பிட்ட பிறகு எடு.

சாராயமும் நித்திரைக் குளிசையும் கிட்டவும் வரக்கூடாது. உன் குளிசையோடு சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம்.

வயல் வெட்டி முடிந்தது. அப்பாவின் தொடையில் இருக்கும் ஷெல் குண்டுத் துண்டு மழைக்குக் குடைகிறது. இரவெல்லாம் எண்ணெய் தேய்க்கிறார், கிளினிக்குக்குப் போங்கள் என்றால் எழும்பமாட்டார். நீயோ முதுகு நோவுக்குத் தந்த மாத்திரையில் விழுந்தும், யாரும் இழுத்துப் போகாமல் நீயாகப் போய் உதவி கேட்டவன். அந்தத் துணிவு இந்த வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. அப்படிப்பட்ட நீ ஒரு பல் வைத்தியருக்கு முன்னால் ஏன் கூச வேண்டும்?

பல் கெட்டதற்கு உன்னை மட்டும் குறை சொல்லமாட்டேன். வாயில் கரையும் அந்த மருந்தால் பல் பழுதாகலாம் என்று 2022 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகமே எச்சரித்திருக்கிறது. கரைந்து முடிந்ததும் ஒரு மிடறு தண்ணீரை வாய்க்குள் மெதுவாகச் சுழற்றி விழுங்கு. ஒரு மணித்தியாலம் கழித்தே பல் தீட்டு. அதற்காகவும் குளிசையை நிறுத்தாதே.

தாங்க முடியாத நோவென்றால் சிநேகிதரிடம் மாத்திரை கேட்காதே. உன் கிளினிக் வைத்தியரிடம் பேசு. ஒரே தடவையாக எடுப்பதை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துத் தந்தும் நோவைக் குறைப்பார்களாம்; அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும், நீயாகச் செய்யாதே.

பிடுங்கிய அன்றே அழைப்பு எடு. வாய் வீங்கிக் கதைக்க முடியாவிட்டால் அக்காவுக்கு இரண்டு வரி எழுது. குளிசை எடுத்தாயா என்று நான் கேட்கமாட்டேன், தம்பி. நீயாகச் சொல்லிவிடு.

அம்மா
ஒட்டுசுட்டான்