ஓடைக்கரை நடை: ஆறாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புடைய பெற்றோருக்கு வணக்கம்.

வரும் புதன்கிழமை காலை ஆறாம் வகுப்பு மாணவ மாணவியர் அனைவரையும், பள்ளிக்கு அருகே குடியிருப்புகளுக்கு நடுவில் ஓடும் ஓடையின் கரைப்பாதையில் நடக்க அழைத்துச் செல்கிறோம். போக ஒன்றரைக் கிலோமீட்டர், திரும்பி வர ஒன்றரைக் கிலோமீட்டர். பாதை முழுவதும் தளம் போடப்பட்டுச் சமமாக இருக்கிறது. பெரியவர் ஒருவர் விறுவிறுவென்று நடந்தால் 40 நிமிடங்களில் முடித்துவிடக்கூடிய இந்தத் தூரத்துக்கு நாங்கள் இரண்டரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். இவ்வளவு எளிதான நடைக்காக ஒரு காலை நேரப் பாடங்களை விட வேண்டுமா என்று சென்ற கூட்டத்தில் உங்களில் சிலர் கேட்டீர்கள். கேள்வி நியாயமானது என்பதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

எளிதாக இருக்கிறது என்பதற்காகவே இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தோம். சென்ற ஆண்டு பிள்ளைகளைக் குன்று ஏற அழைத்துச் சென்றபோது, சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஒருத்தி அன்று முழுவதும் நூலகத்தில் உட்கார்ந்திருந்தாள். மாலையில் மற்றவர்கள் சேறு படிந்த காலணிகளோடு திரும்பி வந்து கதை கதையாகச் சொல்ல, அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். அது என் தவறு. (அவளுடைய பெற்றோரின் இசைவு பெற்றே இதை எழுதுகிறேன்.) சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 12 மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. ஓடைக்கரைப் பாதையில் அந்த அளவை நெருங்கும் ஏற்றம் ஓரிடத்திலும் இல்லை என்பதை நானே அளந்து பார்த்துவிட்டேன். இம்முறை யாரும் நூலகத்தில் இருக்கப்போவதில்லை.

இரண்டாவது காரணம், காலுக்குக் கீழே கவனம் தேவைப்படாத பாதையில்தான் கண்கள் சுற்றுமுற்றும் பார்க்கும். சென்ற சனிக்கிழமை ஆசிரியர்கள் இருவரும் நானும் அங்கே நடந்தபோது, கரையோர நாணல் தண்டு ஒன்றில் தட்டானின் காய்ந்த கூடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆறு கால்களும் தண்டைப் பற்றியபடியே இருக்க, முதுகில் மட்டும் நீளமான ஒரு பிளவும், அதிலிருந்து வெளியே நீண்ட வெண்ணிற நூலிழைகள் சிலவும் தெரிந்தன. தட்டான் தன் இளமைப் பருவம் முழுவதையும் நீருக்கடியில் கழித்துவிட்டு, ஒருநாள் தண்டில் ஏறி, தோலை உரித்துப் போட்டுவிட்டுப் பறந்துபோகிறது. அந்த வெண்ணிற இழைகள் அதன் மூச்சுக்குழல்களின் உட்புறத் தோல். பாடநூலில் படமாகப் பார்ப்பதற்கும், இதைக் குனிந்து மூக்கருகே பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

பாதையோரத்தில் 10 மீட்டர் தூரத்தை நாடாவால் அளந்து, ஒரு காய்ந்த இலையை நீரில் விட்டு, அது அத்தூரத்தைக் கடக்கும் நேரத்தைப் பிள்ளைகள் கணக்கிடுவார்கள். 20 நொடி ஆனால் நொடிக்கு அரை மீட்டர் வேகம். இலை நடுவில் போகும்போது வேகமாகவும் கரையோரமாகப் போகும்போது மெதுவாகவும் நகர்வதையும், வளைவின் வெளிப்புறக் கரை அரிக்கப்பட்டு உட்புறக் கரையில் மணல் சேர்ந்திருப்பதையும் அவர்களே கண்டு காரணம் சொல்லட்டும் என்பது எங்கள் எண்ணம்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இப்போது கணுக்காலளவே ஓடும் நீரைப் பார்த்து யாரும் ஏமாந்துவிடக்கூடாது. பாதையின் கைப்பிடிக் கம்பிகளில், என் இடுப்பு உயரத்தில், காய்ந்த புல்லும் பிளாஸ்டிக் கீற்றுகளும் ஒரே மட்டத்தில் சுற்றிக்கொண்டு நிற்கின்றன. கடைசியாகப் பெய்த பெருமழையில் வெள்ளம் எவ்வளவு உயர்ந்தது என்பதற்கு அதுவே சாட்சி. கூரைகளிலும் சாலைகளிலும் விழும் மழை மண்ணில் ஊறாமல் வடிகால் வழியாக நேரே ஓடைக்கு வந்துவிடுவதால், குடியிருப்புப் பகுதி ஓடைகள் மிக விரைவாகப் பெருகும். ஆகையால் செவ்வாய் இரவு பலத்த மழை பெய்தாலோ, புதன் காலை வானம் கருத்திருந்தாலோ நடையைத் தள்ளிவைப்போம். எந்த நிலையிலும் பிள்ளைகள் நீரில் இறங்க அனுமதியில்லை.

அந்தப் பாதையில் சைக்கிள்களும் வரும். மணி ஒலி கேட்டால் பிள்ளைகள் பாதிப்பேர் ஒரு பக்கமும் பாதிப்பேர் மறுபக்கமுமாக ஒதுங்கி, கடைசி நொடியில் ஒருவர் தோழியிடம் ஓடுவது வழக்கம். விபத்து நேர்வதும் அப்போதுதான். அனைவரும் நீரைவிட்டு விலகியுள்ள ஒரே ஓரமாக நடக்க வேண்டும் என்று வகுப்பில் பழக்கிவருகிறோம். வீட்டிலும் ஒருமுறை நினைவூட்டுங்கள்.

தண்ணீர் பாட்டில், தொப்பி, பழகிய காலணி, ஒரு பென்சில் போதும், கைபேசி வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைக் கட்டாயம் கொண்டு வர வேண்டும். பூச்சிக்கடி ஒவ்வாமை இருந்தால் படிவத்தில் தெளிவாக எழுதுங்கள். 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலுக்கு நல்ல வேலை கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எங்கள் மெதுநடை அதை ஈடுசெய்யாது என்பதால், அன்று மாலை வழக்கமான விளையாட்டையும் நிறுத்திவிட வேண்டாம்.

ஒப்புதல் படிவத்தைத் திங்கட்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்க்க வேண்டுகிறேன். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வீதம் உடன் நடக்க இன்னும் நான்கு பெற்றோர் தேவைப்படுகிறார்கள். வர இயன்றவர்கள் படிவத்தின் பின்பக்கத்தில் பெயரை எழுதி அனுப்புங்கள். உங்கள் பிள்ளை இருக்கும் குழுவில்தான் நடக்க வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். பெற்றோர் உடனிருந்தால் பிள்ளைகள் இலையைப் பார்ப்பதைவிட்டு உங்கள் முகத்தையே பார்ப்பார்கள்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்