ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கம்ப்யூட்டர் வாங்குவோருக்கு யோசனை சொல்லி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஹார்ட் டிஸ்க்கின் காலம் முடிந்தது, எல்லாவற்றையும் எஸ்எஸ்டிக்கு (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சிப்பில் சேமித்து வைக்கும் சாதனம்) மாற்றிவிடுங்கள் என்று முடித்திருந்தார்கள். அதில் பாதிதான் சரி. நான் காரைக்குடியில் 22 வருடமாகக் கல்யாண ஃபோட்டோ எடுக்கிறேன். ஒரு கல்யாணத்துக்கு, வீடியோவும் சேர்த்தால், 150 ஜிபிக்குக் குறையாது.

வேகத்தில் எஸ்எஸ்டிக்கு ஈடு கிடையாது. என் பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்து வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். 2018-ல் 500 ஜிபி எஸ்எஸ்டி மாட்டினேன். நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் தயாராகிவிடுகிறது. ஹார்ட் டிஸ்க்கில் நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டின் மேல் ஒரு முனை அங்குமிங்கும் ஓடித் தேடவேண்டும். எஸ்எஸ்டியில் எல்லாம் சிப். சுழல எதுவும் இல்லை. பழைய கம்ப்யூட்டரை மாற்ற நினைப்பவர்கள் முதலில் ஒரு எஸ்எஸ்டி மாட்டிப் பாருங்கள்.

ஆனால் படத்தைப் பல வருடம் வைத்திருப்பது வேறு விஷயம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ராத்திரி, என் 2 டிபி (சுமார் 2,000 ஜிபி) ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டக்... டக்...' என்று சத்தம். காதை வைத்துக் கேட்டேன். முனை படிக்க முடியாமல் திரும்பத் திரும்பப் போய் வருகிறது என்று புரிந்தது. இரண்டு நாள் தூங்காமல் காப்பி எடுத்தேன். ஒரு காதுகுத்து வீட்டுப் படங்கள் கொஞ்சம் போயின, மற்றதெல்லாம் பிழைத்தன. மூன்றாம் நாள் அது செத்துவிட்டது.

போன வருடம் எஸ்எஸ்டி ஒன்று போனது. சத்தம் இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. மத்தியானம் வரை வேலை செய்தது, சாப்பிட்டு வந்து பார்த்தால் கம்ப்யூட்டருக்கு அது இருப்பதே தெரியவில்லை. வேறு பிரதி இருந்ததால் மானம் தப்பியது.

இன்னொன்று. கடைப் பையன் ஒரு நிச்சயதார்த்த ஃபோல்டரைத் தெரியாமல் அழித்துவிட்டான். ஹார்ட் டிஸ்க்காக இருந்திருந்தால் ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு மீட்டிருப்பேன், முன்பு மீட்டும் இருக்கிறேன். எஸ்எஸ்டியில் ஃபைல் பெயர்கள் வந்தன, திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. அழித்த இடத்தை விண்டோஸ் உடனே எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகிறது, அது துடைத்துவிடுகிறது.

அப்புறம், எஸ்எஸ்டியில் படம் நிற்பது சிப்புக்குள் அடைபட்ட மின்னூட்டமாக. கரண்டே காட்டாமல் வைத்தால் அது மெல்லக் கசியும், சூட்டில் இன்னும் சீக்கிரம். புதியது பல வருடம் தாங்கும். எழுதி எழுதித் தேய்ந்ததோ, கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தாங்கினால் போதும் என்பதுதான் அந்தத் தொழிலில் உள்ள அளவுகோல். எங்கள் ஊரில் சித்திரை மாதம் பீரோவைத் திறந்தாலே அனல் அடிக்கும்.

ஆகவே எடிட்டிங் எஸ்எஸ்டியில் செய்கிறேன். ஆல்பம் கொடுத்ததும் படங்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுகிறேன். ஒன்று கடையில், ஒன்று வீட்டில். டிபி கணக்கில் விலையும் குறைவு. அதுவும் ஒருநாள் போகும் என்பதால்தான் இரண்டு.

பிள்ளைகளின் படத்தை ஒரே எஸ்எஸ்டியில் போட்டுப் பூட்டி வைக்கும் குடும்பங்கள் உங்கள் வாசகர்களில் நிறைய இருக்கும். அடுத்த கட்டுரையில் அவர்களுக்காக இதையும் எழுதுங்கள்.

ஒரு ஸ்டூடியோக்காரர்,
காரைக்குடி.