சிமுலேஷன் டாலரன்ஸ் மதிப்புகள் குறித்த அறிவிப்பு

உறுப்பினர்களுக்கு வணக்கம். மின்சுற்று சிமுலேஷன் முடிவுகளைக் குழுவில் பகிரும்போது, அவை எந்த டாலரன்ஸ் மதிப்புகளில் (சிமுலேட்டர் பொறுத்துக்கொள்ளும் பிழையின் எல்லைகளில்) பெறப்பட்டன என்பதையும் சேர்த்துக் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பெர்க்லி ஸ்பைஸ் என்ற மின்சுற்று சிமுலேட்டரில் ரெல்டால் (மதிப்பின் விகிதமாக அனுமதிக்கப்படும் பிழை) 0.001, விஎன்டால் (மின்னழுத்தத்துக்கான பிழை எல்லை) 1 மைக்ரோவோல்ட், ஆப்ஸ்டால் (மின்னோட்டத்துக்கான பிழை எல்லை) 1 பைக்கோஆம்பியர் என்பவையே இயல்பு மதிப்புகள். சிமுலேஷன் மாடல்களை எழுதப் பயன்படும் வெரிலாக்-ஏ மொழியில், இந்த அளவுகளை வரையறுக்கும் டிசிப்ளின்ஸ் கோப்பும் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இதே எல்லைகளைத்தான் வைத்திருக்கிறது. 50 ஃபெம்டோஆம்பியர் கசிவைக் கணக்கிட முனைபவருக்கு அந்த 1 பைக்கோஆம்பியர் என்பது தேடும் மதிப்பைப்போல் 20 மடங்கு என்பதால், விடை முழுவதுமே பிழையாக இருந்தாலும் சிமுலேட்டர் அதை ஏற்றுக்கொண்டுவிடக்கூடும். ஆப்ஸ்டாலை மட்டும் குறைத்தால் போதாது: கன்வெர்ஜென்ஸுக்காக (கணக்கீடு ஒரு விடையில் வந்து நிலைப்பதற்காக) டையோடு, டிரான்சிஸ்டர் போன்றவற்றின் பிஎன் சந்திகளுக்கு இணையாகச் சேர்க்கப்படும் ஜிமின் என்ற மிகச்சிறிய கண்டக்டன்ஸ், தன் இயல்பு மதிப்பான 10⁻¹² சீமென்ஸில், 1 வோல்ட்டுக்கே 1 பைக்கோஆம்பியரைக் கடத்துகிறது. பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

100 ஆம்பியர் ஓடும் பவர் கன்வெர்ட்டருக்கோ அதே ஆப்ஸ்டால் தேவையற்ற இறுக்கம். அதை மைக்ரோஆம்பியர் வரை தளர்த்தலாம். ஆனால் கன்வெர்ஜென்ஸ் கிடைக்கவில்லை என்பதற்காக ரெல்டாலைத் தளர்த்துவதைத் தயவுசெய்து தவிர்க்கவும்.

வெரிலாக்-ஏ மாடல் எழுதுவோர், மின்னோட்டத்துக்கான புதிய ஆப்ஸ்டாலை டிசிப்ளின்ஸ் கோப்பைச் சேர்க்கும் வரிக்கு முன்பே டிஃபைன் செய்ய வேண்டும்.