உள்ளான்களைக் குறிக்கும் சொற்கள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே மியான்மரின் மோல்மீனில் அனைவரும் நலம். பேத்தி யாங்கோனில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள்.

கோடியக்கரை உப்பளத்தில் தாங்கள் கண்ட பறவையைச் "சிறியது, சாம்பல் நிறம், வெள்ளை வயிறு" என்று குறித்து, அது கரண்டி போன்ற அலகுடைய அரிய கரைப்பறவையான கரண்டிமூக்கு உள்ளானாக இருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். குளிர்காலத்தில் இங்குள்ள மார்த்தபான் வளைகுடாவின் சேற்றில் இறங்கும் சிறு பறவைகள் பலவற்றுக்கும் இந்த மூன்று சொற்களும் பொருந்திவிடும். வடதுருவத்தை ஒட்டிய நிலங்களில் முட்டையிடும்போது செங்கல் நிறம் பூணும் வளைமூக்கு உள்ளான்கூட, நம் கரைகளில் தங்கும் மாதங்களில் சாம்பல் நிறமாகவே தெரிகிறது. பவளக்காலி, பச்சைக்காலி என்று காலைப் பார்த்து வைத்த பெயர்கள் ஓரளவு உதவும். ஆனால் கால் முழுவதும் சேறு அப்பியிருந்தால் அவையும் கைவிட்டுவிடும். பறவை செய்யும் வேலையைச் சொல்லும் உப்புக்கொத்தி, கல்திருப்பி போன்ற பெயர்களே எனக்கு மிகவும் பிடித்தவை.

அதனால்தான் தங்கள் குறிப்பேட்டில் நிறத்துக்கு முன்பாக வினைச்சொல்லை எழுதும்படி வேண்டுகிறேன். உப்புக்கொத்தி தன் பெரிய கண்களால் இரையைத் தேடுவதால் ஓடும், சட்டென்று நிற்கும், ஒருமுறை கொத்தும், மறுபடியும் ஓடும். கொசு உள்ளான் ஓயாமல் நடந்தபடி விடாமல் கொத்திக்கொண்டே போகும். கரண்டிமூக்கு உள்ளானோ தலையைத் தாழ்த்தி, ஆழமற்ற நீரிலும் குழைந்த சேற்றிலும் அலகை இடமும் வலமுமாகத் துழாவும். கால்கள் கருமையாக இருப்பதும் உடலளவும் கொசு உள்ளானை ஒத்திருப்பதால், பக்கவாட்டில் நிற்கும்போது இரண்டையும் பிரித்தறிவது கடினம்; நேர் எதிரே திரும்பினால்தான் அலகு நுனியின் அகலம் தெளிவாகத் தெரியும். 1758-இல் உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிட்ட லின்னேயஸ் இந்தச் சிறு பறவையைக் கரண்டிவாயன்கள் என்னும் பெரிய நீர்ப்பறவைகளின் பேரினத்தில் சேர்த்துப் பெயரிட்டார் என்பதை நினைத்தால், அலகின் வடிவம் எவ்வளவு வலுவாகக் கண்ணை இழுக்கிறது என்று புரிகிறது.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் முட்டையிடும் இந்த இனத்தில் சில நூறு பறவைகளே எஞ்சியுள்ளன. அவற்றுள் பெரும் பங்கு குளிர்காலத்தை எங்கள் வளைகுடாவில் கழிக்கிறது. 2017-இல் வளைகுடாவின் ஒரு பகுதி, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்னும் பொருளில், ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. முன்பு உணவுக்காகப் பறவைகளுக்கு வலை விரித்தவர்கள் அதை விட்டு மீன்பிடிப்புக்குத் திரும்ப உதவி பெற்றதும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. இத்தகைய இனத்தைப் பொறுத்தவரை, தவறாக எழுதப்பட்ட ஒரு பறவைகூடக் கணக்கைக் குழப்பிவிடும்.

அடுத்த முறை அதே பறவையைக் கண்டால் அது கொத்துகிறதா, துழாவுகிறதா என்று முதலில் கவனியுங்கள். காலில் ஆய்வாளர்கள் அடையாளத்துக்காகக் கட்டிய சிறு கொடி போன்ற பட்டை இருந்தால் அதன் நிறத்தையும் அதிலுள்ள எழுத்துகளையும் குறித்து, நாளும் இடமும் சேர்த்து உடனே எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
தங்கள் பழைய நண்பன்